ஆறாயிரம் ரூபாய்க்குள் டீஹைட்ரேட்டர்: சமைக்காத உணவு சாப்பிடுகிறவர் எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்கிறேன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மொட்டை மாடிக்குப் போக வழியில்லை, பால்கனியில் காலையில் கொஞ்ச நேரம்தான் வெயில். நீங்களும் கணவரும் சில மாதங்களாகச் சமைக்காத உணவுக்கு மாறியிருக்கிறீர்கள். தினமும் பழமும் பச்சைக் காய்கறியும் அலுத்துவிட்டதால் ஆளிவிதை ரொட்டி, தக்காளி வற்றல், பழத் தகடு என்று மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டும். அதற்கு டீஹைட்ரேட்டர், அதாவது சூடான காற்றால் உணவை உலர்த்தும் மின் இயந்திரம், தேவை. காணொளிகளில் வருகிற பெரிய பெட்டிகள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. ஆறாயிரத்துக்குள் ஒன்று வாங்கினால் அது 48 டிகிரியைத் தாண்டி நொதிகளை (என்சைம்களை) கொன்றுவிடுமா, இல்லை அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் தருவதாகச் சொன்ன எக்ஸ்காலிபர் என்ற பிராண்டின் பழைய டீஹைட்ரேட்டருக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாடல் என்பதைவிட, விலை குறைந்த இயந்திரத்தில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. மாடல்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயர் மாறும், அதனால் மாடல் பெயர் எதையும் நான் சொல்லப் போவதில்லை.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, பல வருடங்களாகக் காய்கனி உலர்த்தும் சிறு தொழில்களோடு வேலை பார்க்கிறேன். மருத்துவம் என் துறை இல்லை. சமைக்காத உணவு உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நுழையமாட்டேன். உலர்த்துவதில் ஆபத்து இருக்கும் இடங்களை மட்டும் சொல்லாமல் விடமுடியாது.

முதலில் அந்த 48. இது 118 டிகிரி ஃபாரன்ஹீட்டை நம் அளவுக்கு மாற்றியது. அமெரிக்காவில் இந்த உணவுமுறையைப் பின்பற்றுகிறவர்களில் சிலர் 118 என்பார்கள், சிலர் 115, இன்னும் கண்டிப்பானவர்கள் 105. நம் கணக்கில் 48, 46, 40 சொச்சம். எல்லை எது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டிய உடனே எல்லா நொதிகளும் ஒரேயடியாகச் செயலிழக்கும் என்பதற்கு உணவு வேதியியலில் ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு நொதிக்கும் தாங்குசக்தி வேறு. காய்கறிகளில் இருக்கும் பெராக்ஸிடேஸ் 80 டிகிரிக்குக்கூட லேசில் மசியாது. அதனால்தான் காய்களை உறைய வைக்கும் ஆலைகளில், வெந்நீரில் முக்கியெடுத்தது போதுமா என்று பார்க்க அந்த நொதி மிச்சம் இருக்கிறதா என்றே சோதிக்கிறார்கள். பப்பாளிப் பாலில் உள்ள பப்பெயின் 60 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். இதெல்லாம் உறுதியான விஷயம். சாப்பிட்ட நொதி வயிற்று அமிலத்தைத் தாண்டிப் போய் நமக்குச் செரிமானம் செய்து தரும் என்பதுதான் சந்தேகத்துக்குரியது. பெரும்பாலான நொதிகளும் புரதம்தான், மற்ற புரதங்களைப் போலவே உள்ளே போனதும் உடைபடும். வைட்டமின் சி-யின் கதை வேறு. அதைச் சூடு மட்டும் அழிப்பதில்லை, காற்றும் நேரமும் சேர்ந்து அழிக்கின்றன. 46 டிகிரியில் இருபது மணி நேரம் கிடந்த தக்காளியில், 60 டிகிரியில் எட்டு மணி நேரத்தில் காய்ந்ததைவிட வைட்டமின் சி அதிகம் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நேர்மாறாகவும் இருக்கலாம்.

சரி, 48 உங்கள் கொள்கை என்றால் அதை மாற்றச் சொல்லவில்லை. அதற்கு ஏற்ற இயந்திரத்தையே பார்ப்போம். ஆனால் அந்த 48 எதனுடைய சூடு? சூட்டை மாற்றும் திருகியில் நீங்கள் வைப்பது காற்றின் சூடு. தட்டில் இருக்கும் ஈரமான பொருளின் சூடு அதைவிட நன்றாகக் குறைவாக இருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, நீர் ஆவியாகும் வரை பொருள் தன் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சென்னையில் 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு சாதாரண நாள். அந்தக் காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 33 சதவீதமாக இறங்கும். அதில் வைத்த ஈரமான தக்காளித் துண்டின் மேற்பரப்பு 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 16 சதவீதம், துண்டின் மேற்பரப்பு 33 டிகிரியை ஒட்டி. வீட்டு இயந்திரத்தில் தட்டின் சூடும் சேர்ந்துகொள்வதால் இது கொஞ்சம் கூடும். ஆனால் போக்கு இதுதான். துண்டு காயக் காயத்தான் அதன் சூடு ஏறிக் காற்றின் சூட்டைத் தொடும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதல் ஒரு மணி நேரம் 60-இல் ஓட்டிவிட்டு, பொருளின் மேல் ஈரம் போனதும் 46-க்கு இறக்கினால் உங்கள் 48 மீறப்படாது. அமெரிக்காவில் அனுபவமுள்ள சமைக்காத உணவுக்காரர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஆரம்பம் முதலே 42-இல் வைத்துவிட்டுத் தூங்கப் போனால், ஈரமான மாவு பல மணி நேரம் 30 டிகிரியில் கிடக்கும். இட்லி மாவு புளிக்க நாம் தேடுகிற சூடும் அதுதானே! பாக்டீரியாவுக்கும் அது வசதியான சூடு. ஆளிவிதை மாவில் புளிப்பு வாடை வந்தால் சிலர் அதை ருசி என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாம் விரும்பிப் புளிக்க வைப்பது வேறு, எது வளர்கிறது என்று தெரியாமல் புளிப்பது வேறு. வீட்டில் உணவு பதப்படுத்துவதற்கான அமெரிக்கத் தேசிய மையம், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்குவது, காய்கனிகளை உலர்த்த 60 டிகிரியைப் பரிந்துரைப்பதற்கு அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்வதும் ஒரு காரணம்.

அப்படியென்றால் குறைந்த சூட்டில் உலர்த்துகிறவருக்குச் சூட்டைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். அதனால் முதலில் ஒதுக்க வேண்டியது ஃபேன் இல்லாத மலிவு இயந்திரம். அடியில் ஒரு கம்பிச்சுருள், மேலே தட்டுகள், சூடான காற்று தானாக மேலே போகும் என்பது ஏற்பாடு. போகும், ஆனால் மெதுவாக. அடித்தட்டு கருகும்போது மேல்தட்டு வியர்த்துக்கொண்டிருக்கும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து, ஆன்-ஆஃப் பட்டன் மட்டும் உள்ளவை. அவை ஒரே சூட்டில் ஓடும், அது உங்கள் எல்லைக்கு மேலேதான் இருக்கும். வற்றல் போடுகிறவருக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு உதவாது. ஏர் ஃபிரையரில் உலர்த்தும் வசதி இருந்தால், அதன் குறைந்தபட்சச் சூடு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். சிலவற்றில் 40 அளவுக்கு இறங்கும். இறங்கினாலும் கூடை சின்னது, ஒரு கைப்பிடி வாழைப்பழத் துண்டுகளோடு சரி. கேக் சுடும் ஓடிஜி அடுப்பு இவ்வளவு குறைந்த சூட்டில் நிலையாக நிற்காது.

மிச்சம் இருப்பவை இரண்டு வகை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வட்டத் தட்டுகள், ஃபேன் அடியிலோ மூடியிலோ. மற்றது மின் அடுப்பு போன்ற பெட்டி, ஃபேன் பின்சுவரில் இருந்து எல்லாத் தட்டுக்கும் குறுக்கே காற்று அனுப்பும். பெட்டி வகையில் எல்லாத் தட்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் காயும், வேண்டாத தட்டுகளை உருவிவிட்டு உயரமான பாத்திரம்கூட வைக்கலாம். காசு இருந்தால் அதுதான். உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் வட்ட அடுக்குதான் கிடைக்கும். அதில் தப்பில்லை, தட்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கீழே இருப்பதை மேலே, மேலே இருப்பதைக் கீழே. ஃபேன் மூடியில் இருக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள், மாம்பழச் சாறு சொட்டி மோட்டாருக்குள் இறங்காது. பத்துத் தட்டு வரை அடுக்கலாம் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் தட்டு வாங்க வேண்டாம். அதே ஃபேன், அதே சூடு, பங்கு போட ஆள் கூடுகிறது. ஐந்து தட்டோடு நிறுத்துங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாத இன்னொன்று தெர்மோஸ்டாட், அதாவது வைத்த அளவில் சூட்டை நிறுத்தும் அமைப்பு. 35 அல்லது 40-இல் ஆரம்பித்து 70 வரை போகிற திருகி போதும். ஆனால் அதில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். மலிவு இயந்திரங்களில் ஐந்து டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம், தட்டுக்குத் தட்டும் மாறும். சமையலுக்கான, கம்பி முனை உள்ள ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கூடவே வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். இயந்திரம் வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், காலித் தட்டுகளோடு 45-இல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டி, அடித்தட்டிலும் மேல்தட்டிலும் சூட்டை அளந்து பாருங்கள். 50-ஐத் தொடுகிறதா? திருகியைக் கொஞ்சம் குறைத்து மறுபடி அளந்து, சரியான இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைத்தாலும் 48-க்குக் கீழே வரவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இந்தச் சோதனைக்கு ஈடாக வேறு எந்த விமர்சனமும் கிடையாது, ஏனென்றால் ஒரே மாடலில் இரண்டு இயந்திரங்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

டைமர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓட்டலாம். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. தொடுதிரையும் எண்களும் உள்ள இயந்திரங்கள் பெரும்பாலும் மின்சாரம் போய் வந்தால் அணைந்தபடியே நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் கரண்ட் போனாலும், காலையில் நீங்கள் பார்ப்பது பாதி காய்ந்து ஈரம் பூத்த தட்டுகளைத்தான். பழைய பாணித் திருகி மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். விலையும் அதுதான் குறைவு. அதனால் உங்களுக்குத் திருகியே மேல். மின்கட்டணத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 250 வாட் இயந்திரம் 12 மணி நேரம் நிற்காமல் சூடேற்றினால் 3 யூனிட். தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைவதால் குறைந்த சூட்டில் அதைவிடக் குறையும். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் இரண்டு மாதக் கணக்கில் 50 யூனிட்டுக்குள். ஏற்கெனவே வீட்டு உபயோகம் இலவச யூனிட்டுகளைத் தாண்டிய பிறகு எந்தக் கட்டணப் படியில் நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் இருக்கும், படுக்கையறையை ஒட்டி வைக்காதீர்கள். சமையலறையில் வைத்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும். மூடிய சின்ன அறைக்குள் ஓட்டினால் அது வெளியே விட்ட ஈரக் காற்றையே மறுபடி இழுத்துக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் எப்படியும் நேரம் கூடும், அப்போது துண்டுகளை இன்னும் மெலிதாக நறுக்குங்கள்.

தட்டு பிளாஸ்டிக்கா எவர்சில்வரா என்று பலர் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். 48 டிகிரியில் உணவுக்கான தரமான பாலிப்ரொப்பிலீன் தட்டு பயப்பட வேண்டிய பொருள் இல்லை. ஸ்டீல் தட்டு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அந்தக் காசைத் தெர்மோஸ்டாட்டில் போடுங்கள். வட்டத் தட்டின் நடுவே காற்று போக ஓட்டை இருக்கும், மாவு பரப்ப அது இடைஞ்சல். சிலிக்கான் விரிப்பை அளவாக வெட்டி, நடு ஓட்டையை மறைக்காமல் விரித்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் தேய்த்துவிடுங்கள். மேல்புறம் கெட்டியானதும் விரிப்பை உருவிவிட்டுக் கவிழ்த்துப் போட வேண்டும். விரிப்பின் மேலேயே கடைசி வரை கிடந்தால் அடிப்பக்கம் காயாது.

கொள்ளளவைப் பற்றிக் காணொளிகள் தரும் கனவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஓரடிக்குச் சற்று மேல் அகலமுள்ள ஐந்து வட்டத் தட்டுகளில் மொத்தம் ஏறக்குறைய நான்கு சதுர அடி இடம். ஒரு கிலோ தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர், காய்ந்தால் 70 கிராம் தேறும். இரண்டு பேர் குடும்பத்துக்கு வாரம் இரண்டு முறை போட்டால் போதுமானதாக இருக்கும். நேந்திரம், சப்போட்டா, மாம்பழம், பலாச்சுளை நன்றாக வரும். முருங்கைக்கீரைக்கு இயந்திரமே வேண்டாம், வீட்டுக்குள் ஃபேன் காற்றில் நிழலில் காயும், பச்சை நிறமும் தங்கும்.

இனி ஆபத்தான பகுதி, இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். 48 டிகிரி எதையும் கொல்லாது. தட்டில் வைக்கும்போது என்ன கிருமி இருந்ததோ அது காய்ந்த பிறகும் உறங்கிக்கொண்டிருக்கும். முளைகட்டிய பயறு இதில் முதல் சந்தேகப் பொருள். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையில் இருந்த ஈ.கோலை கிருமியால் ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் படுத்தார்கள், ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். முளையை உலர்த்துவதாக இருந்தால் வால் எட்டிப் பார்த்ததும் உலர்த்துங்கள், நீளமாக வளரவிட வேண்டாம். அந்தத் தொகுதிக்கு முதல் மணி நேரத்து 60 டிகிரியைத் தவிர்க்காதீர்கள். அப்போதும் கிருமி சாகாது, ஈரத்தில் பெருகும் நேரம்தான் குறையும். வீட்டில் கர்ப்பிணியோ வயதானவரோ சின்னக் குழந்தையோ இருந்தால் வேகாத முளையே வேண்டாம் என்பேன். ராஜ்மாவை முளைகட்டி உலர்த்திச் சாப்பிடலாமா என்று யாரோ உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருந்தார்கள். கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு கொதிக்க வைத்தால்தான் போகும், உலர்த்தினால் போகாது. மரவள்ளிக் கிழங்கைச் சீவிப் பச்சையாகக் காயவைப்பதும் அப்படித்தான், சயனைடு தரும் பொருள் அதில் மிஞ்சும். நிலக்கடலையை ஊறவைத்து உலர்த்துகிறவர்கள் சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் முதலிலேயே பொறுக்கி எறியுங்கள். அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு ஊறவைப்பதாலோ உலர்த்துவதாலோ போவதில்லை.

வெயிலில் காயவைத்தால் இயந்திரமே வேண்டாமே என்ற யோசனையும் வந்திருந்தது. நம் பாட்டிமார் போட்ட வற்றலும் வடகமும் பெரும்பாலும் உப்பும் மோரும் சேர்ந்தவை, அல்லது வேகவைத்தவை. அந்த உப்பும் புளிப்பும்தான் காயும் வரை காவல். உப்பில்லாத தக்காளியையும் பழக்கூழையும் அப்படியே காயவைக்க 30 டிகிரிக்கு மேல் வெயிலும் 60 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதமும் வேண்டும். சித்திரை வைகாசியில் திருச்சி, மதுரை, வேலூர்ப் பக்கம் பகலில் அது கிடைக்கும். கடற்கரைச் சென்னையில், அதுவும் ஒரு பால்கனியில், நம்ப முடியாது.

காய்ந்ததை உடனே டப்பாவில் அடைத்து மறந்துவிடாதீர்கள். நன்றாக ஆறவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்குக்கும் குறைவாக நிரப்பி, ஒரு வாரம் தினமும் ஒருமுறை குலுக்குங்கள். ஒரு துண்டில் மிச்சமிருக்கும் ஈரம் மற்றவற்றுக்குப் பரவிச் சமமாகும். பாட்டிலின் உள்பக்கம் வியர்த்தால் மறுபடி தட்டுக்கு. பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தப் பாட்டிலும் குப்பைக்கு. கொட்டை, விதை சேர்ந்த ரொட்டிகள் எண்ணெய் உள்ளவை, சிக்கு வாடை சீக்கிரம் வரும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கடைசியாக நாத்தனாரின் எக்ஸ்காலிபர். ஒன்பது தட்டு மாடல் என்றால் 600 வாட், 15 சதுர அடி, சூடு 41-இலிருந்து 74 வரை. உங்கள் வேலைக்கென்றே செய்தது போன்ற இயந்திரம். ஆனால் அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமது 230. அப்படியே செருகினால் அன்றோடு முடிந்தது. வோல்ட்டைக் குறைத்துத் தரும், ஆயிரம் வாட் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம், அது கனமானது, அதற்கும் ஒரு விலை. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 என்பதால் ஃபேனும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். வெளிநாட்டுக்கென்றே 220-240 வோல்ட்டில் செய்த மாடல்களும் உண்டு. அதனால் இயந்திரத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆறாயிரம் மிச்சம். 110 அல்லது 120 மட்டும் இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும், இங்கே ஃபேனும் திருகியும் உள்ள ஐந்து தட்டு வாங்கி அன்றைக்கே தெர்மாமீட்டரைச் சொருகிப் பாருங்கள்.